உறைமெழுகு

அன்று காலையிலிருந்தே அவளுடைய கைபேசி அவளை அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது. கட்டைவிரலை வைத்தாள், திறக்கவில்லை. சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு வைத்தாள், அப்போதும் இல்லை. வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் இந்தச் சனியனுக்கு என்ன கேடு வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே எண்களை அழுத்தித் திறந்தாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சத்தில் தற்செயலாக விரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கட்டைவிரல் நுனியில் ரேகையே இல்லை. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் இல்லை. தோல் வழவழவென்று, லேசாக மஞ்சள் ஓடி, தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி இருந்தது.

சலவைக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இது ஒன்றும் உலக அதிசயமில்லை. கறை எடுக்கிற திரவத்தில் நாள் முழுக்க ஊறுகிற கை அது. கையுறை போட்டுக்கொள் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டு சொல்வார், அவள் கேட்பதில்லை. அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் திரவத்தில் ஊறுவது இரண்டு கையும்தானே? இடது கை விரல்களில் ரேகைகள் பத்திரமாக இருந்தன. வலது கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே மழை வரும்போல இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி வந்தாள்.

பக்கத்தில் அவள் மகள் குட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசு. இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, ஆடாமல் அசையாமல், போட்டோ எடுக்க உட்காரவைத்த பிள்ளைபோல இருந்தாள். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை தீரவில்லை. பிறந்த சில மாதங்களிலேயே குட்டிக்கு உடம்பெல்லாம் கரப்பான். முழங்கை மடிப்பில், முழங்காலின் பின்னால், கழுத்தில், சிவப்புச் சிவப்பாகத் தடித்து, சொறிந்து சொறிந்து நீர் வடியும். பார்க்காத வைத்தியரில்லை, தடவாத மருந்தில்லை. வருஷக்கணக்காக அவள் தூங்கியதெல்லாம் அரைத் தூக்கம்தான். இருட்டில் அந்தச் சத்தம் தொடங்கும். சரக், சரக், சரக். நடுவில் ஒரு சின்ன இடைவெளி, ஒரு முனகல், மறுபடி சரக், சரக். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, குட்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “சொறியாதடா கண்ணா” என்பாள். “அரிக்குதும்மா” என்று அது அழும். புண்மேல் வாயால் ஊதிவிடுவாள். ஊதி ஊதி அவளுக்கே மயக்கம் வரும்.

அந்தச் சத்தம் நின்று ஒரு மாதமாகிவிட்டது. நிறுத்தியது ஒரு சின்னத் தகர டப்பா.

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் திரும்பிப் பேசிக்கொண்டு வந்தாள். புருஷனின் அக்கா. வாய் ஓயாதவள், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று குடும்பத்தில் பெயர் எடுத்தவள்.

“பாரு தங்கத்தை! பளிங்கு மாதிரி ஆயிட்டா. நான் அன்னிக்கே சொன்னேன்ல, சர்ச்சுல ஒரு களிம்பு தர்றாங்க, போட்டுப் பாருன்னு? நீதான் மூஞ்சியைச் சுளிச்சே.”

“நாத்தம் தாங்கல அண்ணி. அதான்.”

“மருந்துன்னா மல்லிப்பூவாட்டமா மணக்கும்? என் முட்டியையே எடுத்துக்கோ. மாடிப்படி ஏறவே அழுவேன். ஒரு டப்பாதான். வலி போன இடம் தெரியல, இப்போ ஓடச் சொன்னாலும் ஓடுவேன்.” சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே காலை ஆட்டிக் காட்டினாள். “அடுத்த டப்பா வேணும்னா பிள்ளையையும் கூட்டிட்டு வரணும்னு சொன்னாங்க. அவங்க பழக்கம் அப்படி. ஒரு நடை போயிட்டு வந்துடுவோம், என்ன இப்போ?”

நாற்றம் என்றதும் அவளுக்கு நாக்கில் அந்த மணம் வந்து உட்கார்ந்தது. எச்சிலை விழுங்கினாள். கெட்டுப்போன நாற்றமில்லை அது. கெட்டதாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவளுக்கு நன்றாகப் பழகிய மணம். கடைக்கு வருகிற மூட்டைகளில் சட்டைக் காலரின் உட்பக்கம், மாதக்கணக்கில் மாற்றாத தலையணை உறை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் விரிப்பு. ஆளின் உடம்பிலிருந்து கசிந்து துணியில் இறங்கி, மஞ்சளாகி, எந்தத் தூளுக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்குமே, அந்த எண்ணெய்ப் பிசுக்கின் மணம். ராத்திரி ராத்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று விரலால் அதை வழித்துக் குட்டியின் மேல் பூசியிருக்கிறாள். பூசி முடித்துக் கையைக் கழுவினால் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். குமட்டும். ஆனால் பிள்ளை தூங்கியது. பிள்ளை தூங்குகிறது என்றால் எந்தத் தாய்தான் மூக்கைப் பற்றிக் கவலைப்படுவாள்?

உண்மையைச் சொன்னால், தடிப்பெல்லாம் மறைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. தோல் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் தையல் போட்ட தழும்பு, பிறை மாதிரி ஒன்று இருந்தது. அதன்மேல் தடவினாள், போய்விட்டது. காதுக்குக் கீழே மச்சம் இருந்தது, அதுவும் போய்விட்டது. கடைசியில் டப்பாவின் மூலையை நகத்தால் சுரண்டி எடுத்துக் கன்னத்துக்கும் பூசிவிட்டாள். ஆசைதான். வேறென்ன?

தேவாலயம் நகரத்தின் நட்டநடுவில், இரண்டு உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு நின்றது. வாசலில் பேருந்து நிறுத்தம், எதிரே வங்கி, பக்கத்தில் செருப்புக் கடை. புகை படிந்து கருத்த கல். வெளிச்சுவரில் மழைநீர் வழிந்த தடங்கள் மட்டும் வெளுத்திருக்க வேண்டும். இங்கே அவைதான் மஞ்சளாகப் பளபளத்தன. உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது, வீட்டில் டப்பாவுக்குள் இருந்தது இங்கே கூரைவரைக்கும் இருக்கிறதென்று. அவள் கைக்குட்டையை எடுத்தாள். நாத்தனார் முறைத்தாள். கைக்குட்டையை மறுபடி பைக்குள் வைத்தாள்.

தரை அப்போதுதான் துடைத்ததுபோல மின்னியது, ஆனால் ஈரமில்லை. அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் செருப்பு லேசாகப் பிடித்து, ‘ப்ச்’ என்று விட்டது. முன்னால் போனவர்களின் காலடியிலும் ப்ச், ப்ச். வாசலருகே ஒரு கல் சிலை. யாரோ பழைய புனிதர். வருகிறவர்களெல்லாம் குனிந்து அதன் பாதத்தை முத்தமிட்டுப் போனார்கள். முத்தமிட்டு முத்தமிட்டுக் கட்டைவிரல் தேய்ந்தே போயிருந்தது; அந்த இடத்தில் உதட்டுப் பிசுக்கு கருப்பாக ஏறியிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் முத்தமிட்டுவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார். குட்டியின் கையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். குட்டியின் கை சில்லென்றிருந்தது. மழைக் காற்று என்று நினைத்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

“வாங்க வாங்க! சுத்திப் பார்க்கத்தானே? இலவசம்தான், பயப்படாதீங்க.”

தேவாலயத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் அவர். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. அந்தக் காலரை அவள் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். தொழில் புத்தி விடவில்லை. மஞ்சள் விளிம்பு. துவைத்திருக்கிறார், போகவில்லை.

“இந்தக் கட்டடத்துக்கு முன்னூறு வயசு. நெருப்புப் பிடிச்சது, தப்பிச்சது. வெள்ளம் வந்தது, தப்பிச்சது. ஊரைக் கட்டினவங்க வீடெல்லாம் எங்கேன்னு தேடணும், இது மட்டும் நிக்குது. ஏன்னு கேளுங்க.”

“ஏன்?” என்றாள் நாத்தனார், ஏற்கெனவே நாலு தடவை கேட்டவளின் ஆர்வத்தோடு.

“அடியில இருக்கிறவங்க தாங்குறாங்க.” வாத்தியார் காலால் தரையைத் தட்டினார். ப்ச். “ஒரு காலத்துல இங்க பெரிய கொள்ளைநோய். வீதிக்கு வீதி பிணம். புதைக்க இடமில்ல, ஆளுமில்ல. அப்போ இருந்த பாதிரியார் நிலவறைக் கதவைத் திறந்துவிட்டார். எல்லாரையும் கீழ அடுக்கினாங்க. அடுக்கினாங்கன்னா, விறகு அடுக்குற மாதிரி. பாதிப் பேர் பிள்ளைங்க. தோல்ல வர்ற நோய் அது, பாவம், உடம்பெல்லாம் வெடிச்சு... சரி, குழந்தை இருக்கு, அது வேண்டாம். கதவை அடைச்சுப் பூசிட்டாங்க. அப்புறம் ஒரு தலைமுறை கழிச்சு, தரை ஈரமா இருக்கேன்னு திறந்து பார்த்தா, எலும்புக்கூடு ஒண்ணுகூட இல்ல.”

“எங்க போச்சு?” குட்டி கேட்டாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“எங்கயும் போகல தங்கம். மெழுகா ஆயிருந்தாங்க. காத்து படாம, ஈரத்துல இருந்தா உடம்புக் கொழுப்பு மக்காது, இறுகிடும். இது விஞ்ஞானம், நான் கதை விடல. அந்த மெழுகைத் தொட்ட வேலையாளுக்குக் கையில இருந்த புண் ஆறிடுச்சு. அவ்வளவுதான், ஊரே வரிசையில நின்னுடுச்சு.”

அவளுடைய காதில் ‘ங்ய்’ என்று ஒரு சத்தம். இல்லை, அப்படி இருக்காது, இந்தக் கிழவர் வருகிறவர்களை மிரட்டிப் பிழைக்கிறவர் என்று நினைத்தாள். வாய் தானாகத் திறந்தது.

“அப்போ அந்தக் களிம்பு...”

“அதுக்குத்தான் வர்றேன்.” வாத்தியார் அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். மேடைமேல் ஒரு செம்புப் பானை, அடியில் சின்ன அடுப்பு. உள்ளே மஞ்சளாக ஏதோ மெதுவாகக் கொப்பளித்தது. ஒரு குமிழ் எழும்பும், யோசிக்கும், உடையும். விளிம்பைச் சுற்றி ஆறி ஆறிப் படிந்து உதடு மாதிரி தடித்திருந்தது. “இந்தப் பானை இதுவரைக்கும் காலியானதே இல்ல. தயிருக்கு உறை ஊத்துவீங்கல்ல? அதே கதைதான். பழசுல கொஞ்சம் வச்சுட்டு, மேல புதுசு ஊத்துவோம். மெழுகுவர்த்தியும் இதுதான், களிம்பும் இதுதான். எரிஞ்ச துண்டைக்கூடப் பொறுக்கிக் கொண்டுவந்து இதுலயே போட்டுடுவோம். இங்கிருந்து போனது எதுவா இருந்தாலும் துளி திரும்பி வந்துடணும். இங்க இருக்கிற ஒரே பழக்கம் அதுதான்.”

அவளுக்கு நாக்கின் அடியில் நீர் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த நீர். முப்பது ராத்திரி. மூன்று விரல். பிள்ளையின் கழுத்து, பிள்ளையின் வயிறு, பிள்ளையின் உதட்டோரம். காலர் மணம் என்று தெரிந்தும், மனுஷ மணம் என்று தெரிந்தும், மருந்தென்று நினைத்துப் பூசினாளே பாவி! ஓடிப்போய் எங்காவது குழாயடியில் பிள்ளையை நிறுத்தி, தோல் உரியத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும் போலிருந்தது.

“போலாம் அண்ணி.”

“டப்பா வாங்க வேண்டாமா?”

“ஒண்ணும் வேண்டாம். எனக்குக் குமட்டுது. வாங்க போலாம்.”

“அறிவு கெட்டவளே, மறுபடி வந்துட்டா என்ன பண்ணுவே? ராத்திரியெல்லாம் புள்ளை கத்துமே, மறந்துட்டியா?” நாத்தனாரின் குரல் ஒரு கணம் கரகரத்தது, உடனே இனிப்பானது. “கீழ போய்ப் பழைய டப்பாவைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டு வந்துடு. வேண்டாம்னா வீட்ல போய்த் தூக்கிப் போடு.”

மறந்துவிட்டாயா என்ற கேள்விதான் அவளை நிறுத்தியது. மறக்கவில்லை. அந்தச் சரக் சரக்கை எப்படி மறப்பாள்? அது திரும்பி வந்தால் இன்னொரு தடவை தாங்க அவளிடம் உயிரில்லை. செத்தவர்களுடையதானால் என்ன, செத்துப்போனவர்களுக்கு அது எதற்கு என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வாத்தியாரின் பின்னால் போனாள்.

நிலவறைப் படிகள் குறுகலாக, நடுவில் குழிந்து, வழுக்கின. கைப்பிடிக் கம்பியைத் தொட்டவள் கையை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். ஒரு திருப்பம் இறங்கியதும் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் மேலேயே நின்றிருந்தாள்.

“நீங்க வரலையா?”

“எனக்கு முட்டி வலிம்மா. படி ஆகாது. நீங்க போயிட்டு வாங்க.”

இன்னும் இரண்டு படி இறங்கிய பிறகுதான் அது உறைத்தது. பேருந்தில் காலை ஆட்டிக் காட்டினாளே. ஓடச் சொன்னாலும் ஓடுவேன் என்றாளே. மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். மேலே யாருமில்லை, சாம்பல் வெளிச்சம் மட்டும்.

கீழே குளிராக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. நிறைய பேர் போர்த்திப் படுத்திருந்த அறையைக் காலையில் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் புழுக்கம். ஒரு மஞ்சள் விளக்கு. தாழ்ந்த கூரை. அந்தக் கோடிச் சுவர் மட்டும் கல்லாக இல்லை. தரையிலிருந்து கூரைவரை, வெளிர் மஞ்சளாக, மேடும் பள்ளமுமாக, அங்கங்கே சுரண்டிய தடங்களோடு இருந்தது. முதலில் அவள் கண் அதைச் சுவர் என்றே வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு மேடு தோளானது. ஒரு பள்ளம் கண்குழியானது. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் ஆள். ஒருவர்மேல் ஒருவர், ஒருவருக்குள் ஒருவர், யாருடைய கை யாருடைய கன்னத்தோடு உருகி ஒட்டியது என்று பிரிக்க முடியாமல். வாய்கள் மட்டும் தனித்தனி. அவள் கையால் குட்டியின் கண்ணைப் பொத்தினாள்.

“குறையவே குறையாதும்மா,” என்றார் வாத்தியார் பெருமையாக. “நாங்க சுரண்டச் சுரண்ட அது வளருது. சரி, டப்பாவைக் குடுங்க.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் திறந்தார். உள்ளே தகரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவள் கை பட்டது எதுவும் அழுக்காகத் திரும்பிப் போனதாகச் சரித்திரமில்லை. நேற்று வெந்நீர் ஊற்றி, தூள் போட்டு, மூலை முடுக்கெல்லாம் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை.

“மிச்சம் எங்கம்மா?”

“என்ன மிச்சம்?”

“துளி மிச்சம் வச்சுத் திருப்பிக் கொண்டுவரணும். உறை. உங்க அண்ணி சொல்லலையா?”

“இல்லையே. நான் தீர்ந்துபோச்சுன்னு... கழுவிட்டேன்.”

“முழுசையும் தடவிட்டீங்களா? பிள்ளைமேலயா? முழுசையுமா?”

அவர் குனிந்து குட்டியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். டப்பாவை மூடி மெதுவாகத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அப்போ நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க. விளக்கு எரியட்டும்.”

“எதுக்கு? ஐயா, எதுக்கு இருக்கணும்? இருங்க, நாங்களும் வர்றோம்!”

ப்ச், ப்ச் என்று அவர் படியேறினார். அவசரமே இல்லை. அவள் குட்டியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே திரும்பினாள். ஒரு அடி வைத்திருப்பாள்.

சரக்.

நின்றாள்.

சரக், சரக். ஒரு சின்ன இடைவெளி. ஒரு முனகல். சரக், சரக்.

யோசிக்கவே இல்லை. எத்தனையோ ராத்திரிகளின் பழக்கம். “சொறியாதடா கண்ணா” என்று சொல்லிக்கொண்டே குட்டியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். இரண்டும் கிடைத்தன. சும்மா இருந்தன. வழவழவென்று, சில்லென்று, அவள் பிடிக்குள் அசையாமல்.

சத்தம் நிற்கவில்லை.

திரும்பக் கூடாது என்று தெரிந்தது. திரும்பினாள். சுவரின் அடியில், பெரியவர்களின் கால்களுக்கு நடுவில், சின்னதாக ஒன்று. முகம் மெழுகுக்குள் புதைந்திருந்தது. ஒரு முழங்கால் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முழங்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. தையல் போட்ட தழும்பு.

அவள் பக்கத்தில் நின்ற குட்டியின் முழங்காலைப் பார்த்தாள். வழவழப்பு. மடிப்புகூட இல்லை.

இந்த ஒரு மாதமாகக் குட்டி வெயிலில் விளையாடக் கூப்பிட்டால் வரவில்லை. வெந்நீர் என்றால் அலறினாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு தடவைகூட அழவில்லை. தோல் அழகில் மயங்கி, தூக்கத்தில் மயங்கி, அவள் எதையுமே பார்க்கவில்லை. எந்த ராத்திரி? எந்த ராத்திரியில் மாறியது?

“அம்மா.”

பக்கத்திலிருந்து இல்லை. எதிரிலிருந்து. மெழுகுக்குள்ளிருந்து, வாயில் துணி அடைத்த மாதிரி.

“அம்மா... அரிக்குதும்மா.”

பிடித்திருந்த கைகளை உதறிவிட்டு ஓடினாள். மண்டியிட்டு விழுந்தாள். நகத்தால் கீறினாள். மெழுகு வெதுவெதுவென்றிருந்தது, கொழகொழவென்று நகக்கண்ணுக்குள் ஏறியது, உள்ளங்கையில் வழிந்தது. அந்த மணம் மூக்கில், தொண்டையில், பல்லிடுக்கில். ஓங்கரித்தாள். ஓங்கரித்துக்கொண்டே கீறினாள். ஒரு கை நிறைய வழித்து எறிந்தாள். எறிந்த இடத்தில் மெல்ல மறுபடி ஊறியது. மறுபடி வழித்தாள். ஒரு முழங்கை. மடிப்பில் சிவப்புத் தடிப்பு. நீர் வடியும், சூடான, உயிருள்ள சிவப்பு. அந்த அசிங்கச் சிவப்பைத் தடவிப் பார்த்தாள். இதுதான். இதுதான் அவளுடையது. வாயைக் கிட்டே கொண்டுபோய் ஊதினாள். சரக் சரக் ஒரு நொடி நின்றது.

அவளுடைய பிடரியில் ஒரு சின்ன உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. ஈரமில்லாத வழவழப்பு. ரேகையில்லை. இன்னொன்று தோளைச் சுற்றி வந்தது. அவள் முதுகோடு அது ஒட்டிச் சாய்ந்துகொண்டது. கழுத்தில் மெதுவாக, அவள் எப்போதும் ஊதுவாளே அதே மாதிரி ஊதியது. பழைய தலையணை உறையின் மணம்.

“விடும்மா. வீட்டுக்குப் போலாம். அத்தை கூப்பிடுறாங்க.”

தோளைச் சுற்றிய கைகள் நழுவவில்லை. இறுகின. அவளுடைய விரல்கள் கணுவரைக்கும் மெழுகுக்குள் போயிருந்தன, அதற்கு மேல் போகவுமில்லை, வரவுமில்லை. கண்ணெதிரில் அவள் வழித்துத் திறந்த இடம் விளிம்பிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. சிவந்த முழங்கை பாதி மறைந்தது, முக்கால் மறைந்தது. கடைசியாகச் சின்ன விரல்கள் மட்டும் வெளியே நின்று, ஒன்றுமில்லாத காற்றில் சொறிந்துகொண்டிருந்தன.